ஃப்ரீ டிக்கெட், கூடவே குடை: வ.உ.சி.யின் கப்பல் கம்பெனி ஏன் மூழ்கியது?

தென்காசி மாவட்டம் செங்கோட்டையில் வாஞ்சிநாதன் சிலையைப் பார்க்காதவர்கள் குறைவு. 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் அவர் சுட்டது, திருநெல்வேலி கலெக்டர் ஆஷை. அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு பிசினஸ் போட்டியும் இருந்தது.

யார் இவர்?

1872-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர் வ.உ.சிதம்பரனார். தொழில், வக்கீல். அப்போது தூத்துக்குடி–கொழும்பு கப்பல் ரூட், பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. அரசுத் தபால் கான்ட்ராக்டில் வளர்ந்த கம்பெனி அது.

என்ன செய்தார்?

1906-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். மூலதன இலக்கு 10 லட்சம் ரூபாய். பாண்டித்துரைத் தேவர் தலைவர். முதலில் வாடகைக் கப்பல்தான். அதைக் கொடுத்த கம்பெனி நெருக்கடியில் பின்வாங்கவே, ஊர் ஊராகப் பணம் திரட்டி ‘காலியா’, ‘லாவோ’ என இரண்டு கப்பல்களைச் சொந்தமாகவே வாங்கிவிட்டார்.

போட்டி எப்படி நடந்தது?

பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சுதேசி கம்பெனி அதைவிடக் குறைத்தது. கடைசியில் பயணமே இலவசம், கூடவே குடையும் உண்டு என்று எதிர்த்தரப்பு இறங்கியதாகச் சொல்வார்கள். பெரிய கம்பெனியால் நஷ்டத்தைத் தாங்க முடியும். 25 ரூபாய் பங்குகளை நம்பி நிற்கும் கம்பெனியால் எத்தனை நாள் முடியும்?

அரசாங்கமும் நடுவராக இருக்கவில்லை. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். தேசத்துரோக வழக்கில் இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தாலும், சிறையில் செக்கிழுத்தார். நடத்த ஆளில்லாத கம்பெனி 1911-ல் கலைக்கப்பட்டது. ‘காலியா’ கப்பல் போட்டிக் கம்பெனிக்கே விற்கப்பட்டதுதான் கொடுமை.

1912 டிசம்பரில் விடுதலையானபோது கப்பலும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையில் சிறு வியாபாரம் செய்து பிழைத்தார். சன்னது பின்னாளில் திரும்பக் கிடைத்தது, வசதி திரும்பவில்லை. 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் காலமானார்.

இன்றைக்கு ஏன் முக்கியம்?

போயிங், ஏர்பஸ் இரண்டுக்கும் அரசுகள் கொடுத்த சலுகை பற்றி 2004-ல் உலக வர்த்தக அமைப்பில் தொடங்கிய சண்டை, 2021-ல்தான் 5 ஆண்டு சமரசத்துக்கு வந்தது. அங்கே இரண்டு பக்கமும் அரசு இருந்தது. வ.உ.சி.க்கு எதிர்ப்பக்கம் மட்டும்தான் அரசு.

இன்று தூத்துக்குடி துறைமுகத்துக்கு அவர் பெயர்தான்.