ஜாக் ஸ்ட்ராஸ்

ஜாக் ஸ்ட்ராஸ் (ஜூன் 16, 1930 – ஆகஸ்ட் 17, 1988) அமெரிக்காவைச் சேர்ந்த புகழ்பெற்ற தொழில்முறைப் போக்கர் ஆட்டக்காரர் ஆவார். ஏறத்தாழ ஆறரை அடி உயரம் கொண்டவராதலால், மர உச்சி எனப் பொருள்படும் ட்ரீடாப் என்ற பட்டப்பெயரால் அழைக்கப்பட்டார். 1982 ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில், ஒரே ஒரு சில்லு எஞ்சிய நிலையிலிருந்து மீண்டு வெற்றி பெற்றமைக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார்.

வாழ்க்கை

ஸ்ட்ராஸ் டெக்சாஸ் மாநிலத்தவர். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது கூடைப்பந்து ஆடினார். பின்னர் சீட்டாட்டத்தையே தொழிலாகக் கொண்டார். கையிலுள்ள பணம் முழுவதையும் ஒரே பந்தயத்தில் வைக்கத் தயங்காதவர் என்று பெயர் பெற்றிருந்தார். 1970 இல் கடைசி 40 டாலருடன் நின்ற அவர், அடுத்தடுத்த பந்தயங்களில் அதனைப் பெருக்கி, இறுதியில் அமெரிக்கக் கால்பந்துப் போட்டி ஒன்றில் கான்சாஸ் சிட்டி அணியின் மீது அனைத்தையும் வைத்து 20,000 டாலராக்கினார் என்று கூறப்படுகிறது.

1973 இல் உலகப் போக்கர் தொடரில், மிகக் குறைந்த மதிப்புள்ள சீட்டுகளை வைத்திருப்பவர் வெல்லும் டியூஸ் டு செவன் என்னும் ஆட்டவகையில் முதலிடம் பெற்றார்.

இருப்பும் திறனும்

போக்கரில் பணத்துக்கு ஈடாக மேசையில் வைக்கப்படும் வட்ட வில்லைகள் சில்லுகள் எனப்படும். ஒருவரிடமுள்ள சில்லுகளின் மொத்தம் அவரது இருப்பு ஆகும். போட்டிகளில் கட்டாயப் பந்தயத் தொகை குறித்த நேர இடைவெளிகளில் உயர்த்தப்படுகிறது. இருப்பு அத்தொகையைப் போல 10 மடங்குக்கும் குறைவாக இருந்தால் அது குறை இருப்பு என்றும், 100 மடங்கு அல்லது அதற்கு மேல் இருந்தால் நிறை இருப்பு என்றும் பொதுவாகக் கொள்ளப்படும்.

இவ்விரு நிலைகளும் வேறுவேறு திறன்களை வேண்டுவன. நிறை இருப்பு உடையவர் ஒவ்வொரு சுற்றிலும் பந்தயத்தின் அளவை மாற்றலாம். எதிராளியின் எண்ணத்தைக் கணிக்கலாம். வலுவற்ற சீட்டுகளை வலுவுள்ளவை போலக் காட்டலாம். ஓர் ஆட்டத்தில் தோற்றாலும் அவர் தொடர்ந்து ஆட முடியும். குறை இருப்பு உடையவருக்கோ, பெரும்பாலும் முழுவதையும் வைப்பது, விலகுவது என இரண்டே வழிகள் உள்ளன. எந்தச் சீட்டுடன், எந்த இருக்கையிலிருந்து, எப்போது முழுவதையும் வைப்பது என்னும் கணிப்பே அவரது திறன். முழுவதையும் வைத்த பின் அவரை மிரட்டி விலகச் செய்ய இயலாது என்பது அவருக்குள்ள ஒரே அனுகூலம்.

நிறை இருப்புத் திறனுக்கு எடுத்துக்காட்டாக ஸ்ட்ராஸின் ஆட்டம் ஒன்று இன்றும் கூறப்படுகிறது. மிக மோசமானதாகக் கருதப்படும் 7, 2 ஆகிய சீட்டுகளுடன் அவர் பந்தயத்தை உயர்த்தினார். மேசையில் முதலில் 7, 3, 3 ஆகியவையும், அடுத்து 2 உம் விழுந்தன. அவரைவிட வலுவான சீட்டுகள் வைத்திருந்த எதிராளி தயங்கியபோது, 25 டாலர் தந்தால் தம் இரு சீட்டுகளில் விரும்பிய ஒன்றைக் காட்டுவதாக ஸ்ட்ராஸ் கூறினார். எதிராளி தெரிந்தெடுத்த சீட்டு 2 ஆக இருந்தது. எதைக் கேட்டாலும் காட்டத் துணிந்தமையால் இரண்டும் 2 ஆகவே இருக்கும் என எண்ணி அவர் விலகினார். இழப்பதற்கு இருவரிடமும் ஏராளமான பணம் எஞ்சியிருந்ததாலேயே இந்த உத்தி பலித்தது.

1982 வெற்றி

லாஸ் வேகஸ் நகரின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் நடந்த இப்போட்டியில் 104 பேர், தலைக்கு 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் செலுத்திக் கலந்துகொண்டனர். ஒரு கட்டத்தில் சில்லுகளை எல்லாம் இழந்துவிட்டதாக எண்ணி ஸ்ட்ராஸ் எழுந்தார். அப்போது காகிதக் கைக்குட்டையின் அடியில் 500 மதிப்புள்ள சில்லு ஒன்று இருந்தது. முழுவதையும் வைப்பதாக அவர் வாய்விட்டு அறிவிக்காததால் தொடர்ந்து ஆட அனுமதிக்கப்பட்டார் என்பது பரவலாகக் கூறப்படும் வரலாறு.

ஆட்டத்திலிருந்த மொத்தச் சில்லுகளின் மதிப்பு 10,40,000. எனவே 500 என்பது 2,080 இல் ஒரு பங்கு. இருப்பு ஏறத்தாழ 11 முறை இரட்டிக்க வேண்டும். அனைவரும் சமத் திறனுடையோர் எனக் கொண்டால் வெற்றி வாய்ப்பும் 2,080 இல் ஒன்றே. முதற்சில இரட்டிப்புகளுக்குக் குறை இருப்புத் திறனும் நற்பேறும் தேவை. இருப்பு உயர்ந்த பின் தேவைப்பட்டது வேறு திறன். இரண்டும் கைவந்த ஸ்ட்ராஸ், இறுதியில் டூயி டாம்கோவை வென்று 5,20,000 டாலர் பரிசு பெற்றார்.

ஒரு சில்லும் ஒரு நாற்காலியும் இருந்தால் போதும் என்னும் போக்கர் வழக்கு இவ்வெற்றியுடன் தொடர்புபடுத்தப்படுகிறது. எனினும் அதே நிலையில் தோற்று வெளியேறிய எண்ணற்றோரின் கதைகள் நினைவில் நிற்பதில்லை என்பதும் கருதத்தக்கது.

மறைவு

1988 ஆகஸ்டில், லாஸ் ஏஞ்சலஸ் அருகே பெல் கார்டன்ஸ் என்னுமிடத்தில் பெருந்தொகைக்கான ஆட்டம் ஒன்றில் ஈடுபட்டிருந்தபோது ஸ்ட்ராஸ் திடீரென உடல்நலம் குன்றி இறந்தார். அப்போது அவருக்கு வயது 58. அதே ஆண்டில் போக்கர் புகழ்மண்டபத்தில் அவரது பெயர் சேர்க்கப்பட்டது.