கொர்னேலியா சொராப்ஜி

கொர்னேலியா சொராப்ஜி (நவம்பர் 15, 1866 – ஜூலை 6, 1954) இந்தியாவின் முதல் பெண் வழக்கறிஞர்களுள் ஒருவர். சொத்துரிமை இருந்தும் ஆண் வழக்கறிஞர்களைச் சந்திக்க இயலாதிருந்த பர்தாப் பெண்களின் சட்ட ஆலோசகராக அறியப்படுகிறார்.

கல்வி

இவர் நாசிக்கில் பிறந்தார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரி ஆவார். தேர்வில் முதலிடம் பெற்றும், பெண் என்பதால் இங்கிலாந்தில் பயில்வதற்கான அரசு உதவித்தொகை மறுக்கப்பட்டது. ஆதரவாளர்கள் திரட்டிய நிதியைக் கொண்டு 1889 இல் ஆக்ஸ்போர்டின் சோமர்வில் கல்லூரியில் சேர்ந்தார். 1892 இல் அங்கு குடிமைச் சட்ட இளங்கலைத் தேர்வு எழுதிய முதல் பெண்ணானார். ஆனால் அக்காலத்தில் ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டம் வழங்கவில்லை; இவர் பட்டம் பெற்றது 1922 இல்தான்.

சட்டப் பணி

கணவரை இழந்த ஜமீன் பெண்கள் பலர் திரைக்குப் பின்னால் வாழ்ந்ததால், சொத்துக் கணக்குகளுக்கு உறவினர்களையும் மேலாளர்களையும் நம்பியிருந்தனர். ஏமாற்றப்பட்டாலும் முறையிட வழியில்லை. இவரால் அந்தப்புரத்தினுள் செல்ல முடிந்தது. எனினும் நீதிமன்றத்தில் வாதிட உரிமை இல்லை.

1904 இல் வங்காளத்தின் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் அமைப்பில் பெண் உதவியாளராக நியமிக்கப்பட்டார். வயது வராதோர் உள்ளிட்ட வாரிசுகளின் ஜமீன்களை நிர்வகித்த அரசு அமைப்பு இதுவாகும். வாரிசுரிமை, பராமரிப்புத் தொகை, சிறார் கல்வி ஆகியவற்றில் சுமார் இருபது ஆண்டுகளில் அறுநூறுக்கும் மேற்பட்ட பெண்களுக்கும் அநாதைச் சிறார்க்கும் உதவினார்.

பெண்கள் வழக்கறிஞராக 1923 ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. அடுத்த ஆண்டு கல்கத்தாவில் தொழிலைத் தொடங்கியபோது இவருக்கு வயது 57.

இறுதிக் காலம்

1929 இல் ஓய்வு பெற்று இலண்டனில் குடியேறினார். இந்திய விடுதலை இயக்கத்தை எதிர்த்தமையால் விமர்சனத்துக்கு உள்ளானார். 2012 இல் இலண்டன் லிங்கன்ஸ் இன் சட்டக் கழகத்தில் இவரது மார்பளவுச் சிலை திறக்கப்பட்டது.