கூலி வேடத்தில் வந்த குரவர்

கண்டி மாநகருக்குக் கிழக்கே, மகாவலி கங்கையின் கரையில் அமைந்தது குண்டசாலை. கண்டியை ஆண்ட கடைசிச் சிங்கள மன்னனான நரேந்திரசிங்கன் தலைநகரின் சந்தடியை விட்டு இங்கே அரண்மனை அமைத்து வாழ்ந்தான். குண்டசாலை அரசன் என்றே மக்கள் அவனை வழங்கினர். மதுரையிலிருந்து பெண்ணெடுத்த அம்மன்னன், பௌத்தனாயிருந்தும் கத்தோலிக்கக் குருமாருக்குத் தன் அவையில் மதிப்பளித்தான். அதே காலத்தில் கிறித்தவர்களான ஒல்லாந்தர் ஆண்ட கரையோரப் பட்டினங்களில் ஒரு கத்தோலிக்கக் குரு தலைகாட்ட முடியாது. பௌத்தர் நாட்டிலே புகலிடம், கிறித்தவர் நாட்டிலே வேட்டை! இந்த முரணின் நடுவே வாழ்ந்து மறைந்தவர் யோசப் வாஸ் அடிகளார்.

1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், கோவாவில் பெனாலிம் என்னும் ஊரில் ஓர் அந்தணக் கிறித்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். 1676இல் குருப்பட்டம் பெற்றார். ஆனால் கோவாவில் இந்தியக் குருவுக்கு இருந்த மதிப்பு குறைவே. போர்த்துக்கேயரின் துறவற சபைகள் இந்நாட்டாரைத் தம்முள் சேர்ப்பதில்லை. ஞானஸ்நானம் அளித்த கை சரியாசனம் அளிக்க மறுத்தது. ஆகவே இந்நாட்டுக் குருமார் சிலர் தமக்கென ஒரு சபையைத் தொடங்கினர். 1685இல் அதில் சேர்ந்த வாஸ் அடிகளார் விரைவிலேயே அதன் தலைவரானார். இங்கே ஓர் உண்மையை மறைக்கலாகாது. வெள்ளையரால் ஒதுக்கப்பட்டோர் அமைத்த அச்சபையும் அந்தணரை மட்டுமே ஏற்றது. ஒதுக்கப்பட்டவன் ஒதுக்கும் வழக்கத்தையும் கற்றுக்கொள்கிறான் போலும்!

இலங்கையின் நிலை அப்போது பரிதாபமானது. 1658இல் போர்த்துக்கேயரை முற்றாக வெளியேற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாரை நாடு கடத்தினர். வழிபாட்டைத் தடை செய்தனர். குருவுக்கு இடங்கொடுப்பது கொடுந்தண்டனைக்குரிய குற்றம் என அறிவித்தனர். இத்தனைக்கும் இந்த ஒல்லாந்தர் யார்? ஸ்பானிய மன்னனின் மதக்கொடுமையை எதிர்த்து நெடுங்காலம் போராடித் தனிநாடு கண்டவர்கள். 1685இல் பிரெஞ்சு அரசன் தன் நாட்டுச் சீர்திருத்தக் கிறித்தவரை ஒடுக்கியபோது, ஓடிவந்த அகதிகளுக்குக் கதவு திறந்து விட்டவர்களும் அவர்களே. ஆம்ஸ்டர்டாமில் அகதிக்கு அடைக்கலம் கொடுத்தவர்கள் யாழ்ப்பாணத்தில் வேறு நியாயம் பேசினர். தம் மதத்தவன் துன்புற்றால் அது கொடுமை. பிறன் துன்புற்றால் அது சட்டம்!

குருவின்றித் தவித்த இம்மக்களைத் தேடி, 1687இல் வாஸ் அடிகளார் கூலியாள் வேடம் பூண்டு புறப்பட்டார். ஜான் என்ற பணியாள் மட்டுமே துணை. தூத்துக்குடியில் ஏறிய தோணி காற்றில் அலைக்கழிந்து மன்னாரை அடைந்தபோது உயிர் மட்டுமே மிஞ்சியிருந்தது. யாழ்ப்பாணம் வந்ததும் வயிற்றுளைச்சல் பற்றிக்கொண்டது. தொற்றுக்கு அஞ்சியவர்கள் அந்த அந்நியனை ஊர்ப்புறத்தே விட்டனர். நோய் தணிந்ததும் கழுத்தில் செபமாலையை அணிந்து வீடு வீடாக இரந்து சென்றார். மாலையைக் கண்டு முகம் மலர்ந்தவர்களே தம் மக்கள் என அறிந்தார். பின்னர் சில்லாலையில் தங்கி, தமிழ் கற்று, இரவில் பூசை நடத்திப் பகலில் மறைந்திருந்தார்.

1689ஆம் ஆண்டுக் கிறிஸ்மஸ் இரவு மறக்கவொண்ணாதது. பாலனுக்குச் சத்திரத்தில் இடமில்லாமற் போன கதையை நினைவுகூர மக்கள் கூடியிருந்த வீடுகளுக்குள், அதே கதையை நம்பும் ஒல்லாந்தரின் படைவீரர் புகுந்தனர். ஏறத்தாழ முந்நூறு பேர் சிறைப்பட்டனர். ஒல்லாந்தர் சபையை விட்டுக் கத்தோலிக்கரான எண்மர் கசையடிபட்டனர். ஒருவர் அடியிலேயே உயிர் துறந்தார். அடிகளார் தப்பினார். ஆயினும் தம் பொருட்டு மக்கள் வருந்துவதைக் கண்டு அவர் மனம் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

அதன்பின் கண்டியரசின் கீழிருந்த புத்தளத்துக்குச் சென்றார். 1692இல் கண்டியை நோக்கிப் புறப்பட்டபோது அவருக்கு முன்னே ஒரு பழிச்சொல் அங்குச் சென்றுவிட்டது. லனெரோல் என்ற பிரெஞ்சுக்காரர், கால்வினிய மதத்தவர், அரசவையில் செல்வாக்கோடு இருந்தார். 1672இல் தூதராக வந்து இங்கேயே தடுத்துவைக்கப்பட்டவர் அவர். அந்நியனாய் வந்து அரசன் நிழலில் வாழ்ந்த அவரே, மற்றோர் அந்நியனைப் போர்த்துக்கேய ஒற்றன் என்று கோள் மூட்டினார். அடிகளார் விலங்கிடப்பட்டுச் சிறை புகுந்தார்.

சிறையில் அவர் செய்தது சிங்களம் கற்றது. நாளடைவில் காவல் தளர்ந்தது. இரண்டாம் விமலதருமசூரியன் இவர் ஒற்றனல்லர் எனத் தெளிந்தான். கடும் வறட்சி வந்தபோது அடிகளார் வேண்ட மழை பொழிந்தது என்பது மரபு. அதன் பின் அவர் நாட்டில் எங்கும் சென்று போதிக்க உரிமை பெற்றார்.

1697இல் கண்டியைப் பெரியம்மை தாக்கியது. அரசனும் பிரபுக்களும் நகரை விட்டு அகன்றனர். நோயாளிகளைச் சுற்றத்தாரே காட்டில் விட்டு ஓடினர். அடிகளாரும் அவருடைய மருமகனான கார்வாலோ அடிகளாரும் மட்டும் எஞ்சி நின்று, வெறிச்சோடிய வீடுகளை மருத்துவசாலைகளாக்கிப் புண் கழுவினர், கஞ்சி ஊட்டினர், இறந்தோரைப் புதைத்தனர். பௌத்தரா, கிறித்தவரா என்று கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஊர்ப்புறத்தே கிடந்த ஒருவருக்கு அக்கேள்வியின் கொடுமை தெரியும். லனெரோலின் கோளுக்கும் ஒல்லாந்தரின் கசைக்கும் அவர் தந்த மறுமொழி அதுவே.

கோவாவிலிருந்து மேலும் குருமார் வந்தனர். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றி இருமொழிகளையும் வளப்படுத்தினார். 1707இல் நரேந்திரசிங்கன் அரியணை ஏறினான். தந்தை காட்டிய பரிவை மகனும் தொடர்ந்தான். 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள், கண்டியில், ஐம்பத்தொன்பதாம் வயதில் வாஸ் அடிகளார் காலமானார். அவருடைய கல்லறை எங்கே என்று இன்று எவருக்கும் தெரியாது.

அரசர்களின் பரிவும் நிலையானதன்று. நரேந்திரசிங்கன் 1739இல் மறைந்தபின், 1740களில் கண்டியிலும் கத்தோலிக்கருக்கு இடமில்லாமற் போயிற்று. ஆகவே எம்மதமும் இக்குற்றத்தினின்று முற்றாக நீங்கியதென்று கூறுவதற்கில்லை. எனினும், அந்நியனை உபசரிப்பதை இறைவனையே உபசரிப்பதாகப் போதிக்கும் வேதத்தைக் கையிலேந்தியவர்கள், தம் கடவுளையே வணங்கிய அந்நியனைத் துரத்தினார்களே என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது.

2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள், கொழும்புக் காலிமுகத்திடலில், பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். புனிதர்க்குச் சிலை எடுப்பது எளிது. கிழிந்த உடையோடு வாசலில் வந்து நிற்பவன் புனிதனா, கூலியா, ஒற்றனா என்று அறியாத வேளையில் கதவைத் திறப்பதே அரிது. குண்டசாலை அரசனின் அரண்மனை அழிந்துவிட்டது. ஒல்லாந்தர் கோட்டைகளோ இன்னும் நிற்கின்றன. எது நெஞ்சில் நிலைத்தது என்பதை அடிகளாரின் வரலாற்றைப் படிப்போர் அறிவர்.