வ. வெ. ஸு. ஐயர்

அச்சன்புதூர்க்கு அணித்தாயுள்ள செங்கோட்டையை நினைப்போர் வாஞ்சிநாதனை நினையாதிரார். அவர்க்குக் கைத்துப்பாக்கி சுடப் பயிற்றியவர் வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் என்பதையோ பலர் எண்ணுவதில்லை.

ஐயர் திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த வரகனேரியில் 1881-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் பிறந்தார். திருச்சி சூசையப்பர் கல்லூரியிற் கற்று, வக்கீலாகி, இரங்கூன் சென்று, பின் 1907-இல் பாரிஸ்டர் பட்டம் நாடி இலண்டன் சேர்ந்தார். ஆங்கு இந்தியா ஹவுஸில் சாவர்க்கரோடு கூடியபின் அவர் வாழ்வு திசை மாறிற்று. சட்டநூல் பிடித்த கை துப்பாக்கியும் பிடித்தது.

குறி தவறாது சுடுதல் பிறவிப்பேறு என்பர் சிலர். அஃது பழக்கத்தின் பயனே. கைத்துப்பாக்கியின் குழல் குறியது. அதன் முனை எள்ளளவு சாயினும், 10 கஜத் தொலைவிற் குண்டு அரைச் சாணேனும் விலகும். மேலும், தவறுவோரிற் பெரும்பாலோர் கண்ணால் தவறுவதில்லை, விரலால் தவறுகின்றனர். வெடியோசையை எதிர்நோக்கி விசையை வெடுக்கென இழுப்பர், முனை தாழும். இக்குற்றம் நீங்க, நாடோறும் ஒரே நிலையில் நின்று, மூச்சை அடக்கி, விசையை மெல்ல அழுத்திப் பழகல் வேண்டும். குண்டிடாத துப்பாக்கியைக் கொண்டே இதிற் பெரும்பகுதியைப் பயிலலாம். நூறு குண்டுகளை வாரியிறைப்பதினும், பத்தினைக் கருத்தோடு செலுத்தி, அவை பட்ட இடங்களை ஆராய்தல் நன்று.

1910-இல் ஐயர் மாறுவேடம் பூண்டு தப்பிப் புதுச்சேரி அடைந்தார். அங்கு இளைஞர்க்கு உடற்பயிற்சியும் ஆயுதப்பயிற்சியும் அளித்தார். அடுத்த ஆண்டில் வாஞ்சி அவரிடம் வந்தார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில் கலெக்டர் ஆஷ், மனைவியோடு ரயில்வண்டியில் அமர்ந்திருக்கையில், வாஞ்சி நெருங்கிச் சுட்டார். பின் தம்மையும் சுட்டுக்கொண்டார். அவ்வளவு அணிமையிற் சுடுதற்குக் குறித்திறம் வேண்டுவதன்று. நடுங்காத நெஞ்சே போதும். ஆசிரியர் ஈந்த வித்தை அன்று இரு பெண்டிரைக் கைம்பெண்களாக்கிற்று. நாட்டுப்பற்றின் பெயரால் இதனை எளிதிற் கடந்துபோக எம் மனம் இசையவில்லை.

ஐயர்தாமும் பின்னாளில் அவ்வழியை விட்டார். அவரது உழைப்பு நூல்களிற் சென்றது. திருக்குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1916-இல் வெளிவந்தது. 1920-இல் தமிழகம் மீண்டு, காந்தியடிகளின் நெறியைத் தழுவினார். 1921-இற் சிறைப்பட்டுப் பல்லாரியில் இருக்குங்கால் கம்பராமாயண ஆராய்ச்சி இயற்றினார்.

1922-இற் சேரன்மாதேவியிற் குருகுலம் நிறுவினார். அங்குப் பிராமணச் சிறுவர் சிலர் தனித்து உண்ண இடந்தந்தமை பெருங்கிளர்ச்சி விளைத்தது. இலக்கு வழுவாத கண் இங்கே வழுவிற்று என்றே கூறவேண்டும். 1925-இல் அவர் பொறுப்பினின்று நீங்கினார்.

அவ்வாண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் மாணாக்கரோடு பாபநாசத்து மலைமேற் கல்யாண தீர்த்தம் சென்றார். ஆற்றைத் தாண்ட முயன்ற மகள் சுபத்திரை வெள்ளத்தில் வீழ்ந்தாள். காக்கக் குதித்த தந்தையையும் அருவி கொண்டது. அப்பொழுது அவர்க்கு வயது 44.