தூணைத் தொட்டு நடந்த பேரறிஞர்

தேற்றாத்தீவிலே யான் ஆசிரியப்பணி புரிந்த நாளில், மாணவன் ஒருவன் வகுப்பறை வாசலைத் தாண்டியபின் திரும்பிச் சென்று, மும்முறை தாண்டியே உள்ளே வருவான். பிள்ளைகள் சிரித்தனர், யானும் கடிந்தேன். சில திங்களில் அவன் வருவதையே நிறுத்திவிட்டான். பிற்காலத்திலே ஆங்கிலப் பேரறிஞர் சாமுவேல் ஜோன்சனின் வரலாற்றைக் கற்றபோதுதான் என் பிழை எனக்கு விளங்கிற்று.

1709ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிச்பீல்ட் நகரிலே, புத்தக வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் ஜோன்சன். வறுமையால் 1729இல் ஒக்ஸ்போர்ட் கல்வியை இடையிலே விட்டு வீடு திரும்பினார். அவ்வேளை கொடிய மனச்சோர்வு அவரைப் பற்றிற்று. அறிவு பேதலித்துவிடுமோ என்ற அச்சம் பின்னரும் அவரை விட்டு நீங்கவில்லை. மணமானபின் அவர் நிறுவிய பள்ளியிலே சேர்ந்தோர் மிகச் சிலர். அவர்களும் அவரது அங்க அசைவுகளைக் கண்டு நகைத்தனர். பள்ளி நிலைக்கவில்லை. 1737இல் இலண்டன் சென்றார்.

வாசலைக் கடப்பதற்கு இத்தனை அடியென்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு. தவறினால் திரும்பி வந்து மீண்டும் நடப்பார். தெருத் தூண்களை ஒவ்வொன்றாகத் தொட்டுச் செல்வார். ஒன்று விடுபட்டால் மீண்டு வந்து தொடுவார். தலை ஆடும், வாய் பொருளற்ற ஒலி எழுப்பும். இத்துணை அல்லலிடையே 40,000க்கும் மேற்பட்ட சொற்களுக்குப் பொருள் எழுதி, 1755இல் தமது பேரகராதியை வெளியிட்டார்.

கண்டோர் கண்டவை அச்செய்கைகளே. உள்ளிருந்த சோர்வை அறிந்தவர் சிலர். 1766இல் திரேல் தம்பதியர் அவர் பெருந்துயரில் மூழ்கியிருத்தலைக் கண்டு, தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று பேணினர். 1782வரை அவ்வில்லமே அவருக்குப் புகலிடமாயிருந்தது. 1784இல் அவர் மறைந்தார்.

எண்ணச் சுழற்சி நோய், தசைத்துடிப்பு நோய், மனச்சோர்வு ஆகிய மூன்றும் அவரிடம் ஒருங்கே இருந்தன என இக்கால மருத்துவர் பலர் கருதுகின்றனர். வேண்டாத எண்ணம் ஓயாது எழ, அதைத் தணிக்கச் செய்ததையே மீளமீளச் செய்யவைக்கும் எண்ணச் சுழற்சி நோய் பெரும்பாலும் தனித்து வருவதில்லை. பதகளிப்போ சோர்வோ உடன்வரும். வெளிச்செய்கையை மட்டும் நோக்கி, உடனுறையும் துயரைக் காணாது விட்டால் சிகிச்சை முழுமை பெறாது.

கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டை தெளிவிக்கும் என்பதை எம்மூரார் அறிவர். கலங்கிய நெஞ்சுக்கு முதலில் வேண்டுவது அருகிருந்து கேட்கும் ஒருவர், அடுத்து மருத்துவர். அன்று யான் அம்மாணவனைக் கடியாது, அவனுக்கு என்ன துயர் என்று கேட்டிருக்க வேண்டும்.