டாக்டர் கிறீனும் கந்தக அமிலமும்

1962-ல் நாகர்கோவிலில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, திருவனந்தபுரம் கரமனையில் இருந்த அத்தை வீட்டில் தங்கி பி.யூ.சி. சேர்ந்தேன். பள்ளியில் எல்லாம் தமிழ். இங்கே எல்லாம் இங்கிலீஷ். முதல் வாரம் லாபரட்டரியில் ஒரு பாட்டிலைக் காட்டி இது என்ன என்று கேட்டார்கள். கந்தக அமிலம் என்றேன். சுற்றிலும் ஒரே சிரிப்பு. ஸல்ப்யூரிக் ஆஸிட் என்ற பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் ஹெச்2எஸ்ஓ4 என்று எழுதத் தெரியும். கரும்பலகையில் எழுதிக் காட்டித் தப்பித்தேன்.

பிற்பாடு நானே கெமிஸ்ட்ரி வாத்தியாராகி ஓய்வும் பெற்றாகிவிட்டது. அந்தச் சிரிப்பு மட்டும் மறக்கவில்லை. தப்பு என்னுடையதா, தமிழுடையதா? இந்தக் கேள்வியோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கு நின்ற ஒரு அமெரிக்கரைப் பற்றி நம் அங்கத்தினர்களுக்குச் சொல்ல ஆசை.

டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822-ல் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் வூஸ்டர் என்ற ஊரில் பிறந்தவர். நியூயார்க் நகரத்தை இன்றைய பெருநகரமாக்கிய ஆண்ட்ரூ கிறீன் இவருடைய அண்ணா. தம்பியோ நியூயார்க்கில் டாக்டருக்குப் படித்துவிட்டு, 1847-ல் யாழ்ப்பாணத்துக்குக் கப்பல் ஏறினார். மிஷனரியாகத்தான் வந்தார், அதை மறைப்பானேன்! ஆனால் மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்திக்கொண்டே, உள்ளூர்ப் பையன்களுக்கு மேல்நாட்டு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் இங்கிலீஷில்தான். வைத்தியர்கள் கிராமத்து ஜனங்களோடு இருக்க வேண்டுமானால் படிப்பும் அவர்கள் பாஷையில் இருக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது. 1864 முதல் வகுப்பைத் தமிழிலேயே நடத்தினார். மாணவர்கள் கோட்டு, தொப்பி மாட்டிக்கொண்டு துரைமாராவது அவருக்குப் பிடிக்காது. அவரிடம் படித்துத் தேறியவர்கள் அறுபதுக்கும் மேல்.

புஸ்தகம் இல்லாமல் எப்படிக் கற்பிப்பது? அங்காதிபாதம், பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், வைத்தியாகரம் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தமிழில் வந்தன. கூடி உழைத்தவர்கள் அவருடைய தமிழ் மாணவர்கள். உடம்பின் உறுப்புகளுக்கு நம்மிடம் பெயர் இருந்தது. கெமிஸ்ட்ரிக்கு வந்தபோதுதான் சிக்கல்.

ஏனென்றால் கெமிஸ்ட்ரியில் பெயர் வெறும் பெயர் இல்லை. 1787-ல் பிரான்ஸில் லவாய்ஸியரும் நண்பர்களும் வகுத்த முறைப்படி, பெயரைக் கேட்டாலே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஸோடியம் ஸல்பைடு என்றால் கந்தகமும் ஸோடியமும் மட்டும். ஸல்பைட் என்றால் அதோடு மூன்று ஆக்ஸிஜன். ஸல்பேட் என்றால் நான்கு. வால் எழுத்து மாறினால் சரக்கே வேறு! மயில்துத்தம், படிகாரம், நவச்சாரம் என்று அழகான பெயர்கள் நம்மிடம் உண்டு. ஆனால் மயில்துத்தத்தில் செம்பு இருக்கிறது என்று அந்தப் பெயர் சொல்லுமோ? காப்பர் ஸல்பேட் சொல்லும்.

கிறீன் கடைப்பிடித்த வழி எளிது. முதலில் தமிழில் தேடுவது, கிடைக்காவிட்டால் ஸம்ஸ்கிருதத்தில், அங்கேயும் இல்லையென்றால் இங்கிலீஷ் சொல்லையே தமிழ் ஓசைக்கு இணங்க எழுதிக்கொள்வது. வெல்ஸ் என்பவரின் ரசாயனப் பாடநூல் அவர் மேற்பார்வையில் தமிழாகி 1875-ல் வந்தபோது, புஸ்தகத்தின் பெயரிலேயே அந்த மூன்றாவது வழி தெரிந்தது: கெமிஸ்தம். கெமிஸ்ட்ரிக்கு ஒரு ‘அம்’ சேர்த்து நம்மாத்துப் பிள்ளையாக்கிவிட்டார். அது அச்சானது எங்கே தெரியுமோ? எங்கள் நாகர்கோவிலில்! அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். பிறந்து வளர்ந்த ஊரில் நடந்தது எனக்கு ரிட்டயர் ஆன பிறகுதான் தெரிந்தது.

அந்தக் காலம் எப்பேர்ப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். மெண்டலீவின் அட்டவணை வந்து ஆறே வருஷம். தண்ணீரின் வாய்பாட்டைச் சில புஸ்தகங்கள் ஹெச்ஓ என்றும் சில ஹெச்2ஓ என்றும் எழுதி வந்த தலைமுறை அது. ஐரோப்பாவிலேயே தீராத வழக்கைத் தமிழில் எழுதத் துணிந்தார்கள்.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் பிற்காலத்தில் வழங்கிய ஒரு சொல்லை நான் மிகவும் ரசிப்பேன். நாம் கார்பன் டை ஆக்ஸைடு என்கிறோம். அவர்கள் காபனீரொட்சைட்டு என்கிறார்கள். ‘டை’ போய் ‘ஈர்’ வந்துவிட்டது. மோனாக்ஸைடு என்றால் காபனோரொட்சைட்டு. மூலகத்தின் பெயர் உலகப் பொது, எண்ணிக்கை தமிழ். இதில் வாய்பாடு அப்படியே காதில் விழுகிறது. என்னுடைய கந்தக அமிலத்தில் கந்தகம் தெரிந்தது. ஆக்ஸிஜன் எத்தனை என்று தெரியவில்லை. அந்த மட்டில் சிரித்தவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

1873-ல் கிறீன் உடம்பு முடியாமல் ஊர் திரும்பினார். அங்கே இருந்துகொண்டும் தமிழ்ப் புஸ்தகப் பிரதிகளைத் திருத்துவதை விடவில்லை. கெமிஸ்தம் வந்ததே அவர் போன பிறகுதான். மனுஷ சுகரணம் 1883-லும் இந்து பதார்த்த சாரம் 1884-லும் வந்தன. அந்த 1884 மே மாதத்தில் வூஸ்டரில் காலமானார். தமிழருக்கு வைத்தியப் பணி செய்தவர் என்று அவர் கல்லறையில் பொறித்திருக்கிறது.