ஞானஸ்நானத்திற்குப் பின் எட்டு ஆண்டுகள்

1870-களின் பஞ்சத்தில், வடமாலபேட்டைக்கு அண்மையிலுள்ள திருப்பதிக் காட்டில் ஒரு புராணப் பிரசங்கியாரின் குடும்பம் இலைகளையும் காட்டுப் பழங்களையும் உண்டு பசியோடு போராடியது. அக்குடும்பத்தின் இளைய மகளே பண்டித ரமாபாய் அம்மையார் (1858–1922). பெற்றோரையும் தமக்கையையும் இழந்த அவர், தம் சமஸ்கிருதப் புலமையால் கல்கத்தாவில் பண்டிதை, சரஸ்வதி என்னும் பட்டங்களைப் பெற்றார். இளம் வயதிலேயே விதவையானார். 1883-இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1889-இல் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதனத்தைத் தொடங்கினார்.

பணி வளர்ந்தது, உள்ளமோ நிறைவடையவில்லை. குருவானவராகப் பணியாற்றிய பின்னரே மனந்திரும்பிய வில்லியம் ஹாஸ்லம் என்பவரின் வரலாற்றை வாசித்தபோது, தாம் கிறிஸ்தவ மதத்தைக் கண்டடைந்தாரேயன்றிக் கிறிஸ்துவைக் கண்டடையவில்லை என்று உணர்ந்தார். 1891-இல் தம்மை உள்ளபடியே ஆண்டவரிடம் ஒப்புவித்துச் சமாதானம் பெற்றார்.

அந்த உறவை அன்றாடம் ஜெபத்தில் காத்துக்கொண்டார். புனேக்கு அருகே, கேட்காவில் அவர் அமைத்த முக்தி இல்லத்தில் நெசவும் உழவும் ஜெபத்தோடு நடந்தன. 1905 ஜனவரியில் எழுப்புதலுக்காகத் தினமும் ஜெபிக்கச் சுமார் 70 பேர் கூடினர். ஜூனில் எழுப்புதல் உண்டாயிற்று. 1921-இல் ஒரே மகள் மனோரமாவை இழந்தபோதும் தளராமல், மராத்தி வேதாகம மொழிபெயர்ப்பை முடித்த பின்னரே கண்மூடினார்.

அன்பானவர்களே, ஊழியம் தொடர்ந்தாலும் உறவு குளிர்ந்திருக்கலாம். இன்றே அவர் பாதத்தில் அமர்வோமாக!